எல்லாத் தேர்வுக்கும் படிக்கிறேன், எதிலும் நிலைக்க முடியவில்லை

வாசகியின் கடிதம்

தேனி மாவட்டத்தின் ஒரு கிராமத்திலிருந்து 27 வயது வாசகி நீண்ட கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்தவர். பி.சி. பிரிவு. டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சி பெற்றுவிட்டார். மாநில அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டி.என்.பி.எஸ்.சி.) குரூப் 4, குரூப் 2, வங்கி கிளார்க், பி.ஓ. (வங்கி அதிகாரி) என்று எந்த அறிவிப்பு வந்தாலும் விண்ணப்பிக்கிறார். கடைசியாக எழுதிய குரூப் 4 தேர்வு ஐந்தாறு கேள்விகளில் கைநழுவிப் போனது. வங்கி மாதிரித் தேர்வுகளில் 100க்கு 40ஐத் தாண்டியதில்லை. நடுவில் ஆரி எம்பிராய்டரி கற்றுக்கொண்டார். முகூர்த்த மாதங்களில் ஐயாயிரம் ரூபாய் வரை வருகிறது, மற்ற மாதங்களில் ஆயிரம் வந்தாலே பெரிது.

அம்மாவுக்கு மூட்டுவலி. அதனால் சமையலும் தண்ணீர் பிடிப்பதும் இவர் பொறுப்பு. சாயங்காலம் அண்ணனின் இரண்டு பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லித் தருகிறார். “நீ வீட்ல சும்மாதானே இருக்கே” என்பது தினமும் காதில் விழும் வாக்கியம். இந்த வருடத்துக்குள் வேலை கிடைக்காவிட்டால் கல்யாணம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

ஜனவரி முதல் தேதியன்று ஒரு நோட்டில் 14 இலக்குகள் எழுதியிருக்கிறார். தேர்வுகள் போக ஸ்போக்கன் இங்கிலீஷ், எடைக் குறைப்பு, கார் ஓட்டக் கற்பது, யூடியூப் சேனல் எல்லாம் அதில் உண்டு. “காலையில் கணக்கு எடுத்தால் டெலிகிராமில் நடப்பு நிகழ்வுகள் பி.டி.எஃப். வந்து நிற்கிறது. அதைத் திறந்தால் ரீசனிங் போடவில்லையே என்று தோன்றுகிறது. மதியம் ஆரி ஊசியை எடுத்தால் படிக்கவில்லையே என்று மனசு அடித்துக்கொள்கிறது. 21 நாள் சேலஞ்ச் மூன்று முறை ஆரம்பித்தேன், ஒன்பதாவது பத்தாவது நாளில் விட்டுவிட்டேன். எனக்கு ஏ.டி.எச்.டி. (கவனக் குறைபாட்டுக் கோளாறு) இருக்குமோ? இல்லை, நான் வெறும் சோம்பேறியா? எதை முதலில் செய்வது?” என்று கேட்கிறார். ஒரு நாளில் தான் செய்ததையெல்லாம் மணிக்கணக்கோடு எழுதியும், மாதிரித் தேர்வு மதிப்பெண்களைப் பாடவாரியாகப் பிரித்தும் அனுப்பியிருக்கிறார்.

உளவியல் ஆலோசகரின் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

காலை ஐந்து மணிக்கு எழுந்து, வீட்டில் எல்லோருக்கும் சமைத்து, இரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, ராத்திரி 11 மணிக்கும் புத்தகத்தோடு உட்காரும் ஒருவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வராது. நீங்களும் உங்களை அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டாம். மனம் நொந்துபோகும் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த வார்த்தையை நம்பிவிட்டால் மருந்தும் தப்பாகிவிடும். சோம்பேறிக்கு மருந்து இன்னும் கடுமையாக உழைப்பது. ஏற்கெனவே உழைத்துக் களைத்திருக்கும் உங்களுக்கு அது ஒன்றுக்கும் ஆகாது.

ஏ.டி.எச்.டி. பற்றிக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது மனதை அரித்துக்கொண்டே இருக்கும். கவனம் சிதறுவதெல்லாம் ஏ.டி.எச்.டி. ஆகிவிடாது. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 வரையறையின்படி, அதன் அறிகுறிகள் பல 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி, வேலையிடம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தொல்லை கொடுத்திருக்க வேண்டும். நீங்களோ பள்ளியில் கணக்கில் முதலாக வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆரி ஸ்டாண்ட் முன்னால் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கும், பிடித்த வேலையில் மூழ்கிவிடுகிறவர்களுக்கும் ஏ.டி.எச்.டி. இருக்கலாம் என்பதால் இதை வைத்தே இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நேரில் பார்க்காமல் யாரும் அதைச் சொல்லக் கூடாது. ஆனால் இந்தச் சிதறல் கல்லூரி முடித்த பிறகு, இலக்குகள் பெருகப் பெருகத்தான் வந்திருக்கிறது என்று உங்கள் கடிதமே காட்டுகிறது. ரீல்ஸ் பார்த்து நமக்கு நாமே நோய்ப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டாம். அதைவிட முதலில் பார்க்க வேண்டியது வேறு. நீங்கள் ஐந்து மணி நேரம்தான் தூங்குகிறீர்கள். பகலெல்லாம் அசதி என்கிறீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பரிசோதித்துவிடுங்கள். ரத்தசோகை இருந்தால் எந்த டைம் டேபிளும் உங்களை உட்கார வைக்காது.

ஏழு துண்டாகக் கிடக்கும் மூன்று மணி நேரம்

நீங்கள் அனுப்பிய ஒரு நாள் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். படிப்புக்குப் போனது ஏறக்குறைய மூன்று மணி நேரம். அது ஏழு துண்டாகக் கிடக்கிறது. மிக நீளமான துண்டு 40 நிமிடம்: காலை 5.40 முதல் 6.20 வரை கணக்கு. 6.20க்குக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. 10.45க்கு உட்கார்ந்தால் 11.15க்கு மளிகைக்காரர். மதியம் 2.30க்கு எடுத்த வரலாற்றுப் புத்தகத்தை மூன்று மணிக்கு மூடிவிட்டு, டெலிகிராமில் வந்த வங்கி வினாத்தாளைத் திறந்திருக்கிறீர்கள்.

ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினால், மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. நீங்கள் ஒரு நாளில் ஏழு முறை தாவுகிறீர்கள். ஒவ்வொரு முறையும் புதுப் பாடத்துக்குள் முழுசாக இறங்கவே பத்துப் பதினைந்து நிமிடம் போகும் என்றால், அரை மணி நேரத் துண்டில் மிச்சம் என்ன இருக்கும்? ஆகவே மூன்று மணி நேரத்தை ஐந்தாக்குவதை இப்போது யோசிக்க வேண்டாம். அந்த மூன்று மணி நேரத்தை இரண்டே துண்டாக்க முடியுமா என்று பாருங்கள்.

21 நாள் சேலஞ்ச் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பழக்கம் 21 நாளில் வந்துவிடும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள் போதுமாக இருந்தது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. பத்தாவது நாள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதால் படிக்கவில்லை, எல்லாம் போச்சு என்று நோட்டைத் தூக்கிப் போட்டீர்களே, பதினோராவது நாள் சும்மா தொடர்ந்திருந்தால் போதும்.

எது காத்திருக்கும், எது காத்திருக்காது

14 இலக்குகளையும் ‘எது முக்கியம்’ என்று கேட்டு வரிசைப்படுத்தப் போனால் உங்களால் முடியாது. எல்லாமே முக்கியமாகத்தான் தெரியும். வேறு ஒரு கேள்வி கேளுங்கள்: இதை ஒரு வருடம் தள்ளிவைத்தால் நான் எதை இழப்பேன்?

டெட்டை எடுத்துக்கொள்வோம். அந்தச் சான்றிதழ் முன்பு ஏழு ஆண்டுகள்தான் செல்லும். 2021-ல் அதை வாழ்நாள் முழுவதும் செல்லும்படி மாற்றிவிட்டார்கள். உங்கள் கையில் இருப்பது காலாவதியாகாது. அதே நேரத்தில், டெட் தேறிவிட்டதால் அரசுப் பள்ளி வேலை தானாக வரும் என்று நீங்கள் நினைப்பது போலத் தெரிகிறது. 2018-ல் வந்த அரசாணை 149-க்குப் பிறகு, டெட் தேறியவர்களும் தனியாக ஒரு நியமனத் தேர்வு எழுத வேண்டும். அந்த அறிவிப்பு வந்தால் அப்போது யோசிக்கலாம். இன்றைக்கு அதற்காக ஒரு மணி நேரமும் செலவிட வேண்டாம்.

அடுத்தது வயது. ‘27 முடியப்போகிறது, எல்லாக் கதவும் மூடுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். மூடவில்லை. குரூப் 4-ல் பி.சி. பிரிவினருக்கு இளநிலை உதவியாளர் போன்ற பதவிகளுக்கு 34 வயது வரையும், கிராம நிர்வாக அலுவலர் பதவிக்கு 42 வரையும் அண்மை அறிவிப்புகளில் இடம் இருந்தது. வங்கித் தேர்வுகளில் கிளார்க் பணிக்குப் பொதுப்பிரிவுக்கு 28, பி.ஓ.வுக்கு 30; ஓ.பி.சி.க்கு (மத்திய அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்) மூன்று ஆண்டு கூடுதல். (வங்கிக்கு மத்திய அரசு வடிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும், கையில் இருக்கும் பி.சி. சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது.) ஆக, பயந்து ஐந்து பக்கமும் ஓட வேண்டிய அவசரம் உங்களுக்கு இல்லை.

கல்லூரியில் ஆங்கில வழி என்பதால் தமிழ் வழி ஒதுக்கீடு போய்விட்டது என்று வருத்தப்படுகிறீர்கள். அதிலும் பாதிதான் சரி. அந்த 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு, எந்தப் பதவிக்கு எந்தக் கல்வித் தகுதி கேட்கிறார்களோ அதுவரை தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். குரூப் 2-க்குப் பட்டம் கேட்கிறார்கள், அதனால் அங்கே கிடைக்காது. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்புதான் தகுதி. நீங்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவர். படித்த பள்ளிகளில் அதற்கான சான்றிதழை முறையாக வாங்கி வையுங்கள். பெண்களுக்கான 30 சதவீதமும் உங்களுக்கு உண்டு.

இனி வங்கித் தேர்வு. வங்கியும் டி.என்.பி.எஸ்.சி.யும் சேர்த்துப் படிக்கலாம் என்று பயிற்சி மையங்கள் சொல்கின்றன. சிலரால் முடியும். ஆனால் இரண்டும் கேட்கிற பழக்கம் வேறு வேறு. வங்கி முதல்நிலைத் தேர்வு ஒரு மணி நேரத்தில் 100 கேள்வி. தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். தெரியாததைத் தொடாமல் தாண்டிப் போகக் கை பழக வேண்டும். குரூப் 4 மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி. தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. பாதி தெரிந்தால்கூட யோசித்து ஒன்றைக் குறிக்கலாம். 200-ல் 100 கேள்வி தமிழ். வங்கித் தேர்விலோ ஆங்கிலம் தனிப் பகுதி. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாற்றி மாற்றிப் பழகினால் இரண்டிலும் கை தடுமாறும். உங்கள் மதிப்பெண்ணே அதற்குச் சாட்சி. ஒன்றில் வாசல்வரை வந்துவிட்டீர்கள், இன்னொன்றில் பாதி தூரம்கூட வரவில்லை.

என் கருத்தைக் கேட்டால், அடுத்த குரூப் 4 தேர்வு முடியும்வரை வங்கியை முழுசாக விட்டுவிடுங்கள். விண்ணப்பமும் போட வேண்டாம். ‘சும்மா எழுதிப் பார்ப்போம்’ என்று போட்டால் அது உங்கள் ஒரு மாதத்தைத் தின்றுவிடும். குரூப் 2-ஐத் தனி இலக்காக எழுத வேண்டியதில்லை. அதன் முதல்நிலைத் தேர்வும் பொதுத்தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கு 25 என்ற அதே அமைப்புதான், பொது அறிவு மட்டும் பட்டப்படிப்புத் தரம். குரூப் 4-க்கு ஒழுங்காகப் படித்தால் அதில் பெரும்பகுதி கூடவே வந்துவிடும்.

இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. மாநிலத் தேர்வுகளில் ஒரு வருடம் போல இன்னொரு வருடம் காலியிடம் இருக்காது. எல்லாவற்றையும் ஒன்றிலேயே வைப்பதால் அது சறுக்கினால் வலி அதிகம். வங்கி வேலைக்காக ஆங்கிலத்திலும் வேகத்திலும் ஒரு முழு வருடம் உழைக்க நான் தயார் என்று உங்கள் மனது உண்மையாகச் சொன்னால், அதையே தேர்ந்தெடுங்கள், குரூப் 4-ஐ விடுங்கள். நான் உங்களுக்கு வேண்டாம் என்று சொல்வது இரண்டையும் பிடித்துக்கொண்டிருப்பதைத்தான்.

உங்கள் மதிப்பெண் சொல்லும் செய்தி

குரூப் 4 மாதிரித் தேர்வு மதிப்பெண்ணைப் பாடவாரியாக அனுப்பியிருந்தீர்கள் இல்லையா? தமிழில் 100க்கு 82. கணக்கு மற்றும் மனத்திறனில் 25க்கு 23. பொது அறிவில் 75க்கு 48. மொத்தம் 153. இப்போது உங்கள் நாள் கணக்கை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். மனது தெளிவாக இருக்கும் விடியற்காலை 40 நிமிடத்தை எதற்குக் கொடுத்திருக்கிறீர்கள்? கணக்குக்கு. அங்கே இனி கிடைக்கக்கூடியது இரண்டே கேள்வி. 27 கேள்வி கிடக்கும் பொது அறிவுக்குக் கிடைத்தது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான தூக்கக் கலக்கம்.

இது குறையில்லை, எல்லோரும் செய்வதுதான். தெரிந்த பாடத்தைப் போட்டால் ‘நான் படிக்கிறேன்’ என்ற நிம்மதி கிடைக்கிறது. பதற்றத்தில் இருப்பவர்களுக்கு அந்த நிம்மதி அதிகம் தேவைப்படுகிறது. ஆனால் நீங்கள் ஐந்தாறு கேள்வியில் வேலையைத் தவறவிட்டவர். அந்த ஐந்தாறு கேள்வியும் ஏழாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகங்களில்தான் இருந்திருக்கும்.

அதனால் நோட்டில் இனி இலக்கு என்று எழுத வேண்டியது ஒரே வரி: பொது அறிவு 48-லிருந்து 60. ‘குரூப் 4 பாஸ்’ என்று எழுத வேண்டாம். எத்தனை காலியிடம், கட்-ஆஃப் எவ்வளவு, எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்பது எதுவும் உங்கள் கையில் இல்லை. கையில் இல்லாத ஒன்றை இலக்காக வைத்தால் தினமும் தோற்ற மாதிரியே இருக்கும். வரலாறு, அரசியலமைப்பு, புவியியல் என்று பிரித்து, வாரத்துக்கு இத்தனை பாடம் என்று போட்டால், ஞாயிற்றுக்கிழமை முடிந்ததா இல்லையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

படிக்கும் முறையிலும் ஒரு மாற்றம். நீங்கள் ஒரு பாடத்தை மூன்று தடவை வாசித்து, ஹைலைட்டரால் கோடு போடுகிறீர்கள். 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களை இரண்டு விதமாகப் படிக்க வைத்தார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். பாடத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். ஒரு தாளில் நினைவுக்கு வருவதை எழுதுங்கள். எழுதியதைப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். சிரமமாக இருக்கும், பாதி மறந்திருக்கும். அந்தச் சிரமத்தில்தான் பாடம் மனதில் ஏறுகிறது. நடப்பு நிகழ்வுகளுக்கு மாதம் ஒரு தொகுப்பு போதும். டெலிகிராமில் ஒரு குழுவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

அண்ணன் புதிதாக ஒரு கோச்சிங்குக்கு 25,000 கட்டத் தயார் என்றிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் மூலம் போட்டித் தேர்வுக்கு இலவசமாகப் பயிற்சி தருகிறார்கள். அங்கே போய் விசாரியுங்கள். அண்ணனிடமிருந்து நீங்கள் கேட்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது.

வீட்டில் பேச வேண்டியது

முன்னுரிமை என்பது நோட்டில் எழுதிவிட்டால் வந்துவிடாது. கூட்டுக் குடும்பத்தில் ஒரு பெண்ணின் நேரம் வீட்டில் எல்லோருக்கும் பொது. மத்திய அரசு 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்கு 299 நிமிடம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தது. அதே வேலையில் கைகொடுக்கும் ஆண்கள் 97 நிமிடம். உங்கள் கணக்கைக் கூட்டினால் 299-ஐத் தாண்டுகிறது. இதற்குப் பெயர் ‘சும்மா இருப்பது’ இல்லை. ஆனால் வீட்டில் யாருக்கும் அந்தக் கணக்கு தெரியாது, ஏனென்றால் நீங்கள் சொன்னதே இல்லை.

சண்டையாகப் பேச வேண்டாம், பொதுவாக ‘என்னைப் படிக்க விடமாட்டேங்கறீங்க’ என்றும் சொல்ல வேண்டாம். அப்படிச் சொன்னால் ‘யாரு தடுத்தா?’ என்று பதில் வரும், பேச்சு அதோடு முடிந்துவிடும். எனக்கு எழுதி அனுப்பிய அந்த ஒரு நாள் தாளையே அண்ணனிடமும் அப்பாவிடமும் காட்டுங்கள். “அண்ணே, ஐந்தாறு கேள்வியில போச்சு. காலையில அஞ்சரையில இருந்து ஏழு மணி வரைக்கும், அப்புறம் பத்தரையில இருந்து பன்னிரண்டரை வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க. காலையில தண்ணி நீங்க பிடிச்சிடுங்க. பிள்ளைங்களுக்கு வாரத்துல மூணு நாள் நான் பாடம் சொல்றேன், மத்த நாள் அண்ணி பாத்துக்கட்டும்” என்று நேரத்தோடு கேளுங்கள். கோச்சிங்குக்கு 25,000 கொடுக்கத் தயாராக இருக்கும் அண்ணன், குடம் தூக்குவதற்கும் சம்மதிப்பார் என்றே நினைக்கிறேன். முழுசாகக் கிடைக்காது. பாதி கிடைத்தாலும் இன்றைய நிலைமைக்கு அது பெரிது.

நேரம் கிடைத்த பிறகு, ‘நாளையிலிருந்து ஒழுங்காகப் படிப்பேன்’ என்று முடிவு எடுப்பதைவிட, எதற்குப் பிறகு எங்கே உட்காருவேன் என்று முடிவு செய்யுங்கள். “சாம்பாரை இறக்கி அடுப்பை அணைத்ததும், போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மாடி அறையில் அரசியலமைப்புப் பாடத்தைத் திறப்பேன்.” பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இப்படி ‘இது நடந்ததும் அது’ என்று கோத்து வைப்பதைப் பல காலமாக ஆராய்ந்திருக்கிறார். வெறும் தீர்மானத்தைவிட இப்படிக் கோத்து வைத்த தீர்மானம் செயலுக்கு வருவது அதிகம். ஒவ்வொரு நாளும் ‘இப்போ எதை எடுக்கலாம்’ என்று மனதோடு மல்லுக்கட்டும் வேலை மிச்சமாகும்.

ஆரி வேலையை விடச் சொல்ல மாட்டேன். உங்கள் கையில் சொந்தமாகப் பணம் புரள்வது அது ஒன்றில்தான். அது தரும் தைரியமும் பெரிது. மாதத்துக்கு இரண்டு பிளவுஸ் என்று வரம்பு கட்டுங்கள், மதியம் மட்டும் உட்காருங்கள். கல்யாணப் பெண்ணுக்கு ஜர்தோசி வைத்த கனமான ஆர்டர் வந்தால், உங்களோடு கற்றுக்கொண்ட தோழியிடம் அனுப்பிவிடுங்கள். படிப்பு நேரம் முடிந்து ஊசியை எடுக்கும்போது குற்ற உணர்ச்சி வராது, ஏனென்றால் அது ஆரிக்கு உரிய நேரம். எடைக்குச் சாயங்காலம் அரை மணி நேரம் நடங்கள், போதும். கார், யூடியூப், ஸ்போக்கன் இங்கிலீஷ் மூன்றையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘தேர்வுக்குப் பிறகு’ என்று எழுதி மூடிவிடுங்கள்.

கல்யாணப் பேச்சும் நிறுத்தும் தேதியும்

‘வேலை இல்லையென்றால் கல்யாணம்’ என்று அப்பா சொன்னதும் நீங்கள் கல்யாணத்தைத் தோல்விக்கான தண்டனையாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டீர்கள். தேர்வு மண்டபத்தில் உட்காரும்போதுகூட அந்தப் பயம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் பிரித்துப் பேசுங்கள். கல்யாணம் வேண்டுமா, எப்போது, யாரை என்பது உங்கள் சம்மதத்தோடு எடுக்க வேண்டிய தனி முடிவு. நீங்கள் வயது வந்தவர். சம்மதமில்லாமல் யாரும் கட்டி வைக்க முடியாது. பேச்சு மீறி வற்புறுத்தலாக மாறினால் 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. ஆனால் உங்கள் அப்பாவின் கடுமைக்குப் பின்னால் பயம்தான் தெரிகிறது. பெண் வருடக்கணக்காகப் படித்துக்கொண்டே இருக்கிறாளே, இதற்கு முடிவு எப்போது என்பது அவருக்குத் தெரியவில்லை.

அந்த முடிவை நீங்களே சொல்லுங்கள். டி.என்.பி.எஸ்.சி. ஒவ்வொரு ஆண்டும் தேர்வுத் திட்டத்தை முன்கூட்டியே வெளியிடுகிறது. அதை எடுத்துக்கொண்டு போய், “அடுத்த குரூப் 4, அதுக்கப்புறம் வர்ற ஒரு குரூப் 2. இந்த ரெண்டு தேர்வு வரைக்கும் முழுநேரமா படிக்கிறேன்பா. அதுல வரலைன்னா ஸ்கூல் வேலைக்குப் போய்க்கிட்டே படிக்கிறேன்” என்று சொல்லலாம். தனியார் பள்ளியில் சம்பளம் குறைவு, வேலை அதிகம், உண்மைதான். ஆனாலும் பி.எட்.டும் டெட்டும் கையில் இருப்பதால் கணித ஆசிரியராக உங்களுக்குக் கிராக்கி உண்டு. இப்படி ஒரு தேதி இருந்தால் அப்பாவுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. அந்தத் தேதியை இன்றே, மனது தெளிவாக இருக்கும்போது எழுதி வையுங்கள். ரிசல்ட் வந்த அன்றைக்கு எடுக்கும் முடிவு எந்தப் பக்கமாக இருந்தாலும் சரியாக இருக்காது.

கடிதத்தின் நடுவில், ‘சில ராத்திரி எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுகிறது’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அதைத் தாண்டிப் போக மாட்டேன். அந்த எண்ணம் மறுபடி வந்தால், அல்லது இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டுப் போனால், படிப்பை மூடி வைத்துவிட்டு அன்றைக்கே 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். இதைத் தேர்வுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்காதீர்கள்.

வீட்டில் பேசிவிட்டு, அண்ணன் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். எட்டு வாரம் கழித்துப் பொது அறிவு மதிப்பெண்ணை மட்டும் தனியாக எழுதி அனுப்புங்கள். 48 அசையவே இல்லை என்றால், நேரத்தை மாற்றுவதா, பாடத்தின் வரிசையை மாற்றுவதா என்று அப்போது சேர்ந்து பார்க்கலாம்.